அறுபத்து மூன்று அம்புகள்

சாமி அலமாரியிலிருந்து இசக்கிமுத்து எடுத்து வந்த எவர்சில்வர் டப்பாவில் நகை இருக்கும் என்றுதான் நினைத்தேன். மூடியைத் திறந்தார். திருநீறு வாசனையோடு உள்ளே ஒரு பென்டிரைவ் கிடந்தது.

"இதுல எம் மவ இருந்தா," என்றார். "இப்பம் இல்ல. எம் மவன் அழிச்சானா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்."

நந்தினி மேடம் பென்டிரைவைத் தொடவில்லை. முதலில் வீட்டைத்தான் பார்த்தார். நெய்வேலி டவுன்ஷிப்பில் இருபத்தோராம் பிளாக் குவார்ட்டர்ஸ் அது. கூடத்தில் பாதிக்கு மேல் அட்டைப் பெட்டிகள். சுரங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்த இசக்கிமுத்து போன மாதம் ஓய்வு பெற்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. சாவியை ஒப்படைத்துவிட்டு திருநெல்வேலிப் பக்கம் போய்விடப் போகிறார்கள். இன்று வெள்ளி.

நான் செல்வகுமார். பத்து வருடம் இன்ஷூரன்ஸ் விற்றேன். என் வாயை மூட வைப்பதற்காகவே பாலிசி எடுத்தவர்கள் உண்டு. இப்போது மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் நந்தினி துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன்.

"அழிச்சது பையன்தான்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் நந்தினி.

"போற ஊரு விலாசத்த அவன்கிட்டச் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

அடுக்களை வாசலில் நின்றிருந்த அவர் மனைவி பொன்னம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அம்மா மகனோடு பேசி இரண்டு வருடம் ஆகிறதாம். பேச வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பேசினால் புருஷனுக்குத் தாங்காது என்று அவளாகவே விட்டுவிட்டாள்.

கதையை இசக்கிமுத்து அறிக்கை கொடுப்பதுபோல் சொன்னார். மகள் கிருஷ்ணப்ரியாவுக்கு இருபத்திரண்டு வயது. மூன்று வருஷத்துக்கு முன் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். எந்நேரமும் போனில் வீடியோ எடுப்பாள். எடுத்ததையெல்லாம் தன் அறையிலிருந்த கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பாள். அம்மா அப்பாவுக்குத் தேடத் தெரியாது என்று முகப்புத் திரையிலேயே 'அப்பா அம்மாவுக்கு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் அறுபத்து மூன்று வீடியோக்களை வரிசையாக வைத்திருந்தாள். அவள் போன பிறகு பொன்னம்மாள் அந்தத் திரைக்கு முன்னாலேயே கிடந்தாள். சோறு இல்லை, தூக்கம் இல்லை. ஆறு மாதம் பார்த்தார் மனிதர். ஃபோல்டரை இந்தப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரை வடலூரில் ஒரு கடையில் கொடுத்துவிட்டார்.

"முதல் வருசத் திதிக்கு சொந்தக்காரங்க வந்திருந்தாவ. அருள் இதை அவன் லேப்டாப்புல போட்டான். ஒண்ணுகூட ஓடல. நான் வச்சப்பம் ஓடுச்சு. நடுவுல இதைத் தொட்டவன் அவன் ஒருத்தந்தான். என்னல செஞ்சன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். 'நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்'னு ஒரு வாரம் கழிச்சு வந்து சொன்னான். வெளிய போன்னுட்டேன்."

"ஒரு வாரம் கழிச்சா?" என்றார் நந்தினி.

"ஆமா."

"அன்னிக்கே சொல்லலை?"

"சொல்லல."

மேடம் நோட்டில் எதையோ வட்டமிட்டார். "நீங்க இதுல ஏத்தினீங்களே, அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நேரமா? கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிட்டு."

மேடத்தின் பேனா நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே?

"ஏத்தினதும் சரியா வந்திருக்கான்னு பார்த்தீங்களா?"

இசக்கிமுத்துவின் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது. எழுந்து போய் நீண்ட பச்சை அட்டை நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஷிஃப்ட் முடியும்போது அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிற லாக் புக் போலவே கோடு போட்டு எழுதியிருந்தார். வரிசை எண், ஒரு சின்ன அம்பு, வீடியோவின் பெயர், கடைசியில் சிவப்பு மையில் ஒரு டிக். ஒன்று முதல் அறுபத்து மூன்று வரை, ஒரு வரிகூடக் கோணல் இல்லை.

"ஒவ்வொண்ணா இதுலேந்து தொறந்து பாத்தேன். ஓடுச்சு. டிக் போட்டேன். ரெண்டு நாள் ஆச்சு எனக்கு."

"அந்த அம்பு என்ன சார், அலங்காரமா?" என்றேன் நான்.

"அலங்காரமெல்லாம் லாக் புக்குல கிடையாது தம்பி. திரையில ஒவ்வொரு படத்து மூலையிலயும் அது இருந்துச்சு, எழுதினேன். கண்ணு பாக்கறதக் கை எழுதணும். நடுவுல மூளை வரப்படாது."

நந்தினி அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து பென்டிரைவைச் செருகினார். அறுபத்து மூன்று பெயர்களும் இருந்தன. பதினேழாவதைத் தட்டினார். தேடியது கிடைக்கவில்லை என்று ஒரு கட்டம் வந்து நின்றது. அதை மூடிவிட்டு, சாயங்காலத்துக்குள் வருகிறோம் என்று சொல்லி எழுந்தார்.

வெளியே மாமரத்தடியில் ஸ்கூட்டரை எடுக்கும்போதுதான் கேட்டேன்.

"மேடம், அழிச்சிருந்தா பேரும் சேர்ந்துதானே போயிருக்கணும்? பேர் மட்டும் எப்படி இருக்கு?"

"பரவாயில்லையே, உங்களுக்கும் மூளை நடுவுல வருது." அவர் சிரிக்கவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் நம்பர் எழுதிய பலகையைக் காட்டினார். "இதை மட்டும் கழற்றிப் பையில போட்டுக்கிட்டுப் போனா, வீடு கூட வருமா?"

"வராது. செக்யூரிட்டிக்காரன்தான் பின்னாலயே வருவான்."

"அந்த அம்புக்கு அர்த்தம் அதுதான். ஷார்ட்கட். வீடியோ அதுல இல்லை, எங்கே இருக்குங்கற விலாசம்தான் இருக்கு. உண்மையான வீடியோ கம்ப்யூட்டருக்கு உள்ள ஹார்டு டிஸ்க்ல வேற எங்கேயோ இருந்திருக்கு. அப்பா அம்மா தேட வேண்டாம்னு அந்தப் பொண்ணு விலாசத்தை மட்டும் முன்னால எடுத்து வெச்சிருக்கா. இவர் விலாசத்தை மட்டும் ஏத்திக்கிட்டு வந்துட்டார். அறுபத்து மூணு வீடியோ நிஜமாவே ஏறியிருந்தா அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஏறினது வெறும் பலகை."

"ஆனா பென்டிரைவ்லேந்து திறந்தப்ப ஓடுச்சேங்கறாரு?"

"எந்தக் கம்ப்யூட்டர்ல வெச்சுத் திறந்தார்?"

அதே கம்ப்யூட்டர். பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு அதே வீட்டு வாசலில் நின்றால் கதவு திறக்கத்தான் செய்யும். அறுபத்து மூன்று தடவை திறந்திருக்கிறது. அறுபத்து மூன்று தடவையும் அவர் நம்பி டிக் போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அப்ப போச்சா மேடம்?"

"இன்னும் இல்லை. ஹார்டு டிஸ்க்கைத் துடைச்சிட்டோம்னு சொல்றாங்களே, அது பாதி நேரம் அலாட்மென்ட்டை ரத்து பண்றதுதான். ரிஜிஸ்டர்ல பேர் இருக்காது. ஆனா புது ஆள் குடிவர்ற வரைக்கும் பழைய சாமான் உள்ளேயே கிடக்கும். நமக்கு வேண்டியது ஒண்ணுதான். அந்த வீட்டுக்கு யாரும் குடிவந்திருக்கக் கூடாது."

"ரேம் ரேம்னு ஒண்ணு சொல்வாங்களே, அதுல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்காதா?"

"அது ஷிஃப்ட் பஸ். கரண்ட் இருக்கற வரைக்கும் கூட்டம். நிறுத்தினா எல்லாரும் இறங்கிடுவாங்க. வண்டியை எடுங்க."

வடலூரில் தமிழ்மாறனின் கம்ப்யூட்டர் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. உள்ளே நான்கு பேர் நிற்கலாம், மூச்சை வெளியே விட்டுவிட்டு வந்தால். இசக்கிமுத்து பெயரைச் சொன்னதும் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அழுத்தம் திருத்தமா பேசுவாரே, அந்தப் பெரியவருங்களா? 'எல்லாத்தையும் தொடச்சிடுங்க தம்பி, நான் பத்திரமா எடுத்து வச்சிட்டேன்'னாரு. நானும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டுக்கினேங்க. பையிலேந்து நோட்டை எடுத்துக் காட்டினாரு. அவ்ளோ நோட்டுப் போட்டு வெச்சிருக்கற ஆளை நான் என்னாங்க கேக்கறது?"

"ஹார்டு டிஸ்க் எங்கே?"

"பொட்டி பழசுங்க, பார்ட்டு பார்ட்டாத்தான் போச்சு. டிஸ்க்கு நல்லா இருந்துச்சு. அப்ப காடாம்புலியூர்ல அம்சவல்லி அக்காவோட முந்திரிக் கம்பெனிக்கு கேமரா மாட்டிக்கினு இருந்தேன். அந்த ரெக்கார்டர்ல போட்டுட்டேங்க."

நந்தினி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரிடம் சேர்ந்த எட்டு வருடத்தில் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எத்தனை கேமரா?" என்று மட்டும் கேட்டார்.

"நாலுங்க. ராத்திரி பகலா ஓடும். டிஸ்க்கு ரொம்பிச்சின்னா அதுவே பழசு மேல எழுதிக்கினு போயிடும். வாரம் பத்து நாளுக்கு ஒரு சுத்து வரும்."

வெளியே வந்தபோது எனக்குக்கூடப் புரிந்துவிட்டது. அந்த வீட்டுக்குக் குடிவந்தது ஒரே ஒரு ஆள் இல்லை. வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து வெள்ளையடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆனாலும் போனோம். காடாம்புலியூர் என் மாமியார் ஊர். அந்த ஊருக்குள் நான் விருப்பப்பட்டுப் போவது அதுதான் முதல் தடவை என்று சொன்னேன். "வேகமாப் போங்க," என்றார் மேடம்.

முந்திரிக் கம்பெனியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்சவல்லி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பழைய டிஸ்க்கா? அதைத்தான் ரெண்டு வருசத்துக்கு முன்னயே ஒரு புள்ள வந்து எடுத்துகினு பூடுச்சேம்மா."

"எந்தப் புள்ள?"

"யாருன்னு தெரியல. 'புதுசு ஒண்ணு வாங்கியாந்து மாட்டிடறேன், பழசைக் குடுத்துடுங்கக்கா'ன்னு கையைப் புடிச்சிகினு கேட்டுச்சு. எனக்கு என்னா நட்டம், குடுத்துட்டேன். கேமராவுல என்ன தெரியுதுன்னு போட்டுக் காட்டச் சொல்லிச்சு. எங்க ஆளுங்க கொட்டை உடைக்கறதுதான் தெரிஞ்சுது. இன்னும் பின்னால போங்கக்கா, இன்னும் பின்னாலன்னு கெஞ்சிச்சு. எவ்ளோ பின்னால போனாலும் கொட்டைதான். அதோ, அந்த மூட்டை மேல குந்திகினு அழுதுச்சு. நான் டீ வாங்கியாரச் சொன்னேன், குடிக்கல."

புது டிஸ்க்கின் வாரண்ட்டிச் சீட்டை அவர் ரெக்கார்டரின் முதுகிலேயே ஒட்டி வைத்திருந்தார். வாங்கியவர் பெயரும் போன் நம்பரும் அதில் இருந்தன. பெயர் அருள். தேதியைப் பார்த்துவிட்டு நந்தினி தன் நோட்டைப் பிரித்தார். முதல் திதிக்குப் பிறகு நான்காம் நாள்.

"ஒரு வாரம் கழிச்சு வந்து ஒப்புக்கிட்டான்னாரே," என்றார். "அந்த ஒரு வாரத்துல அவன் இங்கே இருந்திருக்கான்."

அருள் பண்ருட்டியில் ஒரு டூவீலர் ஷோரூம் சர்வீஸில் வேலை பார்த்தான். அப்பா அம்மா வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கை நிறைய கிரீஸோடு வந்தவன், நாங்கள் யார் என்று சொன்னதும் முதலில் பதறிப்போனான்.

"அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"நல்லா இருக்காங்க. நீ அழிக்கலைன்னு எனக்குத் தெரியும் அருள்."

அவன் பட்டறைக்குப் பின்பக்கம் எங்களை அழைத்துப் போனான். கையைத் துடைத்துத் துடைத்துத் துணிதான் கறுத்தது. தமிழ்மாறன் இல்லாத நேரத்தில் கடைப் பையனிடம் விசாரித்துத்தான் காடாம்புலியூர் போனானாம். டிஸ்க்கைச் சென்னையில் காட்டினானாம். இரண்டு மாதம் வைத்துப் பார்த்துவிட்டு, முந்திரிக் கம்பெனியைத் தவிர அதில் எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்களாம். இன்னும் அவன் அறையில்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை என்றான்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே," என்றேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"அந்த நோட்டைப் பார்த்தீங்களா சார்? அறுபத்து மூணு டிக். அவர் கையாலேயே குடுத்துட்டாருன்னு எப்படிச் சொல்றது? என் மேல கோவம் இருந்தா அப்பா சாப்பிடுவாரு. அது தெரிஞ்சா சாப்பிட மாட்டாரு." துணியை மடித்து ஓரமாக வைத்தான். "தங்கச்சியும் போயாச்சு. நானும் வீட்டுல இல்ல. அவரும் போயிட்டா அம்மா என்ன மேடம் பண்ணுவாங்க? சொல்லாதீங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க."

"ஞாயிற்றுக்கிழமை காலி பண்றாங்க. தெரியுமா?"

அவனுக்குத் தெரியாது. அவன் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

திரும்பி வரும் வழியில், "வைரஸ்னு சொல்லிடலாம் மேடம்," என்றேன். "அதுக்கு அப்பன் பேரும் கிடையாது, விலாசமும் கிடையாது. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

"அப்படித்தான் சொல்லப் போறேன்," என்றார் நந்தினி. துப்பறிந்து கண்டுபிடித்ததை மறைக்கத் துப்பறிகிறவரே ஒப்புக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஷிஃப்ட் முடிந்த ஆட்களை இறக்கிவிட்டு ஒரு பஸ் போனது. இசக்கிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பொன்னம்மாள் அதே அடுக்களை வாசலில் நின்றாள்.

"அருள் அழிக்கலை," என்றார் நந்தினி. "பென்டிரைவ் தானாவே கெட்டுப்போச்சு. வைரஸ். யாரு மேலயும் தப்பில்லை. பையனைக் கூப்பிடுங்க சார்."

பொன்னம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இசக்கிமுத்து அசையவில்லை.

"அந்த அம்பு எதுக்கும்மா?" என்றார்.

"எந்த அம்பு?"

"காலையில நீங்க எந்த வரியப் பாத்திய, எவ்வளவு நேரம் பாத்தியன்னு நான் கவனிச்சேன். ஷிஃப்ட் இன்சார்ஜா இருந்தவன் நான். ஒருத்தன் லாக் புக்கப் பாக்கும்போது கண்ணு எங்க நிக்கோ, தப்பு அங்கதான் இருக்கும். நீங்க டிக்கப் பாக்கல. அம்பத்தான் பாத்திய. சொல்லுங்க."

நந்தினி என்னைப் பார்த்தார். பத்து வருடம் வாயால் பிழைத்த நான் தரையைப் பார்த்தேன்.

மேடம் சொல்லிவிட்டார். வாசல் பலகையை வைத்துத்தான் சொன்னார், எனக்குச் சொன்னதைப்போலவே, ஆனால் இன்னும் மெதுவாக. பாதியிலேயே அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. நோட்டை எடுத்து மடியில் வைத்து, சிவப்பு டிக்குகளின் மேல் விரலை ஓட்டினார்.

"அப்பம் நாந்தான்," என்றார். "நான்தான் கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்."

நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும்."

அதற்குத்தான் அவர் அழுதார். மகளுக்காக மூன்று வருடம் அழாதவர் என்று பின்னால் பொன்னம்மாள் சொன்னாள். பெட்டிகளுக்கு நடுவே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் போனேன். மேடம் போகவில்லை. ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார்.

பொன்னம்மாள்தான் முதலில் பேசினாள். "அதுல ஒண்ணுமே மிச்சம் இல்லையாம்மா?"

"பேர் மட்டும் இருக்கு. உங்க பொண்ணு தன் கையால டைப் பண்ணின பேரு."

"படிங்க."

நந்தினி நோட்டை வாங்கிப் படித்தார். ஒன்று, அம்மா ஸ்கூட்டி ஓட்டியது. இரண்டு, அம்மா ஸ்கூட்டியில் விழுந்தது. மூன்று, விழவே இல்லை என்று அம்மா சொன்னது. வீடியோ எடுத்தவள் அவள் என்பதால் எதிலும் அவள் முகம் அதிகம் இருக்காதாம். பின்னாலிருந்து குரல்தான் கேட்குமாம். பதினேழுக்கு வந்தார். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குவது.

"நில்லுங்க," என்றார் இசக்கிமுத்து. போனை எடுத்தார். மகன் நம்பரை அழிக்காமல்தான் வைத்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அப்பா?"

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அந்தத் தலைமுறைக்கு அது வராது.

"லேய் அருள். பதினேழாம் நம்பர்ல அவ என்னமோ சொல்லிச் சிரிப்பால்லா? நான் அதுல தூங்குதேன். பொறவு எத்தன தடவ பாத்தும் எனக்கு மறந்துபோச்சு. என்னல சொன்னா?"

அந்தப் பக்கம் ஷோரூம் சத்தம் கேட்டது. ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்தது.

"'மைன்ஸ் மெஷின்கூட ஷிஃப்டுக்கு ஒரு தடவை நிக்கும், எங்கப்பா குறட்டை நிக்காது'ன்னு சொன்னாப்பா," என்றான் அருள்.

இசக்கிமுத்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பதினேழுக்கு நேராக, டிக்குக்குப் பக்கத்தில், அதை அப்படியே எழுதினார்.

"பதினெட்டு?"

"அது... கோலத்துல கோழி நடந்தது. என்ன சொன்னான்னு ஞாபகம் இல்லப்பா."

"எனக்குத் தெரியும்," என்றாள் பொன்னம்மாள். போனுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "'அம்மா, உன்னைவிட கோழி நல்லாப் போடுது'ன்னா. எம் புள்ள. அருளு, நீ சாப்பிட்டியாய்யா?"

அதையும் எழுதினார். சாப்பிட்டியாய்யா என்பதைச் சேர்த்தே எழுதிவிட்டு, அதை மட்டும் அடித்தார்.

"பத்தொம்பது. 'சும்மா மழை.' இதுல என்ன?"

அருளுக்குத் தெரியவில்லை. பொன்னம்மாளுக்கும் தெரியவில்லை. சும்மா மழை பெய்த ஏதோ ஒரு நாள். அவள் அதை எடுத்தாளே தவிர, மற்ற யாரும் அன்று மழையைப் பார்த்திருக்கவில்லை. பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டே காத்திருந்தார் இசக்கிமுத்து. மை ஒரு புள்ளியாக ஊறியது. அந்த வரியில் அம்பும் பெயரும் டிக்கும் அந்தப் புள்ளியும் மட்டும் இருந்தன.

"சரி, அத விடு," என்றார் போனில். "ஞாயித்துக்கிழம காலையில லாரி வருது. பெட்டி நெறய இருக்கு, என்னால ஒத்தையில தூக்க முடியாது. நீ வா. வந்தப்புறம் யோசிப்போம்."